உச்சிவெயிலில் ஆடுபுலி ஆட்டம்

எஸ். ராமகிருஷ்ணன் கதைகளில் செத்தவர்கள் இருட்டட்டும் என்று காத்திருப்பதில்லை. உச்சிவெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் கூசாமல் ஊருக்குள் வந்துவிடுவார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. எங்கள் சீமையில் பேய் நடமாட நடுச்சாமம் எப்படியோ அப்படித்தான் உருமம் என்கிற உச்சிவேளையும். "உருமத்துல ஒத்தையில கம்மாப் பக்கம் போகாத" என்று சொல்லாத கிழவி அந்தக் காலத்தில் இருந்ததில்லை. வெயில் ஏறிய பிறகு தெருவில் ஆள் இருக்காது, காக்கை கத்தாது, வேம்பு மட்டும் அசையாமல் நிற்கும். மல்லாங்கிணறில் 1966-இல் பிறந்த ஒருவர் அந்த வெறிச்சோடிய தெருவைத்தான் தன் எழுத்தின் முதல் பக்கமாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய 'நெடுங்குருதி' நாவல் 2003-இல் வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எறும்புகள் சாரைசாரையாக வேம்பலை கிராமத்தை விட்டுப் போவதைச் சொல்வார்கள். அந்த ஊர் வேம்பர் குலத்தின் களவையும் வீழ்ச்சியையும் சொல்வார்கள். நாகுவையும் ரத்னாவதியையும் சொல்வார்கள். எல்லாம் சரிதான். எனக்கோ அந்த நாவல் என்றால் சிங்கிக் கிழவன்தான்; அவன் செத்துப்போன களவுக் கூட்டாளி குருவனோடு ஆடுகிற ஆடுபுலி ஆட்டம்தான். தமிழில் எழுதப்பட்ட பேய்க் காட்சிகளில் இதற்கு மேல் ஒன்றை நான் படித்ததில்லை.

ஏன் அந்த ஆட்டம்? சூதாட்டம் என்றிருந்தால் பணயம் வைத்தாகவேண்டும், காட்சியில் ஒரு திகில் ஏறிவிடும். தாயம் என்றால் விதி வந்து குறுக்கே நிற்கும். ஆடுபுலியில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, தரையில் கிழித்த கோடு, பிறகு பொறுமை. புலியை அடைக்க ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கவேண்டும், எதிராளியின் மனசைப் படிக்கவேண்டும். நன்றாக அறிந்தவனோடு ஆடினால்தான் ருசி. கூடக் களவுக்குப் போனவன் செத்துவிட்டால் மிச்ச வாழ்நாளுக்கு வேறு ஜோடி எங்கே தேடுவது? அதனால் அவனே வருகிறான். சிங்கி அலறுவதில்லை, திருநீறு தேடி ஓடுவதில்லை. காய் நகர்த்துகிறான். நம்மையும் அலறவிடாமல் உட்காரவைத்தது எழுத்தின் சாமர்த்தியம். சாவு ஒரு சிநேகத்தை முறிக்கப் போதாது என்பதைத் தத்துவம் பேசாமல், கண்ணீர் காட்டாமல், ஒரு விளையாட்டை வைத்தே சொல்லிவிட்டார்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைத் தாண்டி யாரும் போகவில்லை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு சண்டைக்கு நிற்கமாட்டேன். காஞ்சனையில் ராத்திரியில் வரும் அந்த வாசனை இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் அது வீட்டுக்குள் நுழைந்துவிட்ட அந்நியத்தின் பயம். வேம்பலையில் செத்தவன் அந்நியனே கிடையாது. அவனுக்கு அந்த ஊரில் பாத்தியதை உண்டு. இரண்டும் இரண்டு நிலத்தின் பேய்கள். ஒன்றை வைத்து மற்றதை அளப்பது நியாயமில்லை.

இன்னொரு கட்சி, இதெல்லாம் மார்க்வெஸிடம் வாங்கியது என்று சொல்லி முடித்துவிடும். ராமகிருஷ்ணன் லத்தீன் அமெரிக்க எழுத்தை ஆசையாகப் படித்தவர், ஊரெல்லாம் சொல்லிப் படிக்கவைத்தவர். அதை மறைத்ததே இல்லை. ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் நான் மார்க்வெஸை விட ஹுவான் ருல்ஃபோவைச் சொல்வேன். 1955-இல் வந்த 'பெத்ரோ பராமோ'விலும் காய்ந்த நிலம், கொதிக்கும் ஊர், பேசிக்கொண்டே இருக்கும் செத்தவர்கள். மெக்சிகோவின் வறட்சி ஒருவரை எழுதவைத்தது. குண்டாற்றுப் படுகையின் வறட்சி இன்னொருவரை எழுதவைத்தது. உருமத்துப் பேயை எங்கள் கிழவிகள் எந்த மொழிபெயர்ப்பிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

கரிசல் எழுத்து என்றால் கி.ரா., பூமணி வழியில் மண்ணும் மனுஷரும் உள்ளபடி வரவேண்டும், பேய்க்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. கி.ரா. தொகுத்த நாட்டுப்புறக் கதைகளைப் புரட்டினாலே இதற்குப் பதில் கிடைத்துவிடும். அதோடு, வேம்பர்கள் கற்பனைக் குலம் என்றாலும் அவர்களின் பாடு கற்பனையில்லை. 1871-இல் வந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம் எத்தனை ஊர்களைக் கைரேகைக்குள் அடைத்தது என்று தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்லவேண்டுமா? உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரலில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்படிச் செத்தவர்கள் சும்மா போய்விடுவார்களா? அவர்கள் திரும்பி வருவதும் உள்ளபடி எழுதுவதில்தான் சேரும்.

ராமகிருஷ்ணனின் காதல் கதைகளையும் நான் இந்த வெயிலோடு சேர்த்தே படிக்கிறேன். 'உறுபசி'யில் சம்பத் செத்த பிறகுதான் அவன் வாழ்க்கையே நமக்குக் கிடைக்கிறது. நண்பர்களும் மனைவியும் ஆளுக்கொரு சம்பத்தைச் சுமக்கிறார்கள். 'யாமம்' பழைய மதராசில் நடக்கிறது. அங்கே ஆசை அத்தராக மாறி, ஆள் போன பிறகும் காற்றில் நிற்கிறது. 2021-இல் வந்த 'மண்டியிடுங்கள் தந்தையே' டால்ஸ்டாயின் பழைய உறவான அக்ஸின்யாவையும் அவள் மகனையும் தேடிப் போகிறது. ஊர் எதுவானாலும் சேதி ஒன்றுதான். அவருடைய காதலர்களும் பேய்களும் ஒரே வம்சம். இருந்த இடத்தை விட்டுப் போகத் தெரியாதவர்கள். எழுதியவரோ இந்தியா முழுக்க ஊர் ஊராகச் சுற்றியவர். போய்க்கொண்டே இருந்த மனிதருக்குத்தான் போகமுடியாதவர்களின் வலி இவ்வளவு தெரிந்திருக்கிறது.

விகடனில் வந்த 'துணையெழுத்து' வழியாகத்தான் பலரும் அவரிடம் வந்தார்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள் என்பது என் வருத்தம். அந்தக் கட்டுரைகளில் இதமான நிழல் இருக்கிறது. அவருடைய வெயில் நாவல்களில்தான் இருக்கிறது. 2018-இல் 'சஞ்சார'த்துக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது கரிசல் நாதஸ்வரக்காரர்களுக்காகச் சந்தோஷப்பட்டேன். ஆனாலும் என் அலமாரியில் முதல் இடம் சிங்கிக் கிழவனுக்குத்தான்.

இன்றைக்கு வருகிற பேய்களைப் பார்த்தால் மனசு கசக்கிறது. 'காஞ்சனா', 'அரண்மனை' என்று வரிசையாக வந்த படங்கள் பேய்க்கு ஒரே ஒரு வேலை கொடுத்துவிட்டன: இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக், அப்புறம் பழிவாங்கல், கடைசியில் கோயில் திருவிழா போல ஒரு பாட்டு. யூடியூபில் கதை சொல்பவர்களும் கதவு கிரீச்சிடும் சத்தத்தை நம்பியே பிழைக்கிறார்கள். பேய்க்கு ஊர் இல்லை, சொந்தம் இல்லை, பழக்கவழக்கம் இல்லை. இளம் எழுத்தாளர்கள் அனுப்புகிற கதைகளிலும் அதே பங்களா, அதே வெள்ளைச் சேலை, அதே அமாவாசை. நரிக்குடியில் பிறந்த பையன் எதற்குப் பங்களாவுக்குப் போகவேண்டும்? அவன் ஊர்க் கண்மாய் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. பம்பாய்க்கும் சூரத்துக்கும் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னாலும் ஒரு நாவல் இருக்கிறது.

இதற்கு உலக இலக்கியத்தை முழுதும் கரைத்துக் குடித்திருக்கவேண்டும் என்பதில்லை. தன் ஊரில் யார் செத்தார், எதனால் செத்தார், எந்த ஆசை தீராமல் செத்தார் என்று தெரிந்திருந்தால் போதும். அது தெரியாதவனுக்குப் பேய்க்கதையும் எழுத வராது, காதல் கதையும் எழுத வராது. ராமகிருஷ்ணனுக்கு அது தெரியும். அதனால்தான் குருவன் இன்னும் ஆட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறான்.