நிலவின் மண் யாருக்கு உரியது? ஒரு திறனாய்வு

"இந்த மண் யாருக்கு உரியது?" என்னும் வினா திருத்தணிக்குப் புதியதன்று. 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அதன்பால் சென்றது. ம.பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்திற்கும் படாஸ்கர் அவர்களின் தீர்ப்பிற்கும் பின்னர், 1960 ஏப்ரல் முதல் நாளன்று அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அத்தீர்வு எவரையும் முழுமையாக நிறைவு செய்யவில்லை. ஆயினும் இரு தரப்பாரின் வழக்கும் கேட்கப்பட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இன்று அதே வினா நிலவைக் குறித்து எழுந்துள்ளது. ஆனால் இம்முறை வழக்கைக் கேட்க மன்றம் கூடுமுன்னரே விடை எழுதப்பட்டுவிட்டது.

அவ்விடை நம் நாட்டு ஆவணம் ஒன்றிலேயே உள்ளது. 2023ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இந்திய விண்வெளிக் கொள்கை, விண்பொருள்களிலுள்ள வளங்களை வணிக நோக்கில் எடுக்கும்படி தனியார் நிறுவனங்களை ஊக்குவிக்கிறது. அவ்வாறு எடுத்ததை உடைமையாக வைத்திருக்கவும், கொண்டு செல்லவும், பயன்படுத்தவும், விற்கவும் அவற்றிற்கு உரிமை உண்டு என்றும் கூறுகிறது. நாட்டின் சட்டத்திற்கும் பன்னாட்டுக் கடமைகளுக்கும் உட்பட்டே இவ்வுரிமை என்ற வரையறையும் அதில் இருக்கிறது. இவ்வொரு விதியையே இங்குத் திறனாய முற்படுகிறோம்.

முதற்கண், நிறுவனங்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 2010ஆம் ஆண்டில் தோன்றி, பெங்களூருவிலிருந்து இயங்கிய டீம் இண்டஸ், நிலவில் ஊர்தி இறக்கும் தனியார் குழுவிற்குக் கூகுள் நிறுவனத்தின் பொருளுதவியோடு அறிவிக்கப்பட்ட பரிசை நாடி முயன்றது. தரையிறங்கும் தொழில்நுட்பத்தைச் சோதித்துக் காட்டியதற்காக 2015 ஜனவரியில் பத்து லட்சம் டாலர் இடைப்பரிசும் பெற்றது. ஜப்பானியக் குழுவான ஹக்குட்டோவின் ஊர்தியையும் தன் கலத்தில் ஏற்றிச் செல்ல இசைந்தது. எனினும் போதிய பணம் திரளவில்லை. பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்திற்கென ஆன்ட்ரிக்ஸ் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2018 மார்ச்சு 31இல் போட்டி வெற்றியாளர் எவருமின்றி முடிவுற்றது. அப்போட்டியில் தோன்றிய முயற்சிகள் வீணாயின என்று சொல்ல மாட்டோம். 2025 மார்ச்சு 2ஆம் நாள் அமெரிக்காவின் ஃபயர்ஃபிளை நிறுவனம் புளூ கோஸ்ட் என்னும் கலத்தை நிலவில் பழுதின்றி இறக்கியதைக் காண்கையில், தனியாரால் இது இயலாது என்ற பழைய வாதம் நில்லாது.

ஆயினும், 'தனியார்' என்னும் சொல்லை நாம் சற்று ஆராய வேண்டியிருக்கிறது. அப்போட்டியின் விதிப்படி, குழுவின் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தனியார் பணமாக இருத்தல் வேண்டும். பணத்தை அளந்த அவ்விதி அறிவை அளக்கவில்லை. டீம் இண்டஸ் குழுவில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்ற அறிஞர்கள் பணியாற்றினர். அவர்களின் தேர்ச்சி பல்லாண்டுகளாக மக்கள் வரிப்பணத்தில் விளைந்தது. நிறுவனங்கள் இன்று நாடுவது நிலவின் துருவப் பள்ளங்களிலுள்ள பனிக்கட்டியை. அங்கு நீர் உண்டென்னும் நம்பிக்கைக்கு வலுவூட்டிய சான்றுகளுள் தலையானது, 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இல் இருந்த நாசாவின் கருவி தந்தது. அதுவும் இரு நாட்டு மக்களின் பொதுச் செலவே.

தமிழ்நாட்டின் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்ப்புறங்களில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாரின் துணையோடு அது டன் கணக்கில் பெங்களூருக்குச் சென்று, பொடியாக்கப்பட்டு, சந்திரயான் கலத்தையும் ஊர்தியையும் சோதிக்கும் களமாயிற்று. 2023 ஆகஸ்டு 23இல் சந்திரயான்-3 பாதுகாப்பாக இறங்கியதற்குப் பின்னால் அக்களமும் இருந்தது. இத்தகைய பொது உழைப்பின்மேல் நின்றுகொண்டு எடுக்கும் பொருளை, எடுத்தவர்க்கே முழுதும் உரியதென்று கூறுவது நேர்மையான கணக்காகுமா?

இவ்விதிக்கு ஆதரவாக வலிமையான வாதம் ஒன்று முன்வைக்கப்படுகிறது. ஆழ்கடல் எந்நாட்டிற்கும் சொந்தமன்று. ஆயினும் வலைவீசிப் பிடித்த மீன் பிடித்தவனுடையது. நிலவும் அவ்வாறே என்பர். இவ்வுவமை பொருந்தாது என நாம் கருதுகிறோம். மீன் மீண்டும் பெருகும். என்றும் கதிரவன் ஒளி படாத பள்ளங்களில் நெடுங்காலமாகத் தங்கிய பனி, ஒருமுறை எடுத்தால் மனிதர் காலத்தில் மீளாது. ஆகவே கடலைவிடக் கல்குவாரியே தகுந்த உவமை. நம் மாவட்டங்களில் கல்குவாரி நடத்துவோர் அளந்து கொடுத்த நிலத்திற்குக் குத்தகை பெறுகின்றனர். எடுக்கும் அளவிற்கேற்பச் சீனியரேஜ் தொகை செலுத்துகின்றனர். எல்லைக்கல்லைத் தாண்டினால் தண்டம் இறுக்கின்றனர். உரிமை வழங்கிய நம் கொள்கை விதியில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

பன்னாட்டுச் சட்டமும் தெளிவாயில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை எந்நாடும் நிலவைத் தனதாக்கக் கூடாதென்கிறது. தனியாரின் செயலுக்கும் அவர்தம் அரசே பொறுப்பென்கிறது. 1979ஆம் ஆண்டின் நிலவு உடன்படிக்கை அதன் வளங்களை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது. இந்தியா 1982இல் கையொப்பமிட்டும் அதனை உறுதிப்படுத்தவில்லை. 2023 ஜூனில் இந்தியா கையொப்பமிட்ட ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தமோ, வளத்தை எடுப்பதுதானே நிலவைத் தனதாக்குவதாகாது என்று பொருள்கொள்கிறது. முன்னர்ப் பொதுச்சொத்து என்றதற்கும் இப்போது எடுத்தவர் சொத்து என்பதற்கும் இடையே நம் நாடு கடந்த தொலைவு பெரிது. அதைப்பற்றி ஊரறிய நடந்த விவாதம் சிறிது.

பொறுப்பில்லா உரிமையின் விளைவை ஒரு நிகழ்ச்சி விளக்கும். 2024 ஜனவரியில் அமெரிக்க நிறுவனமொன்றின் பெரெக்ரின் கலம், நாசாவின் கருவிகளோடு, கட்டணம் பெற்று ஏற்கப்பட்ட இறந்தோரின் எரித்த எச்சங்களையும் சுமந்து சென்றது. நிலவைப் புனிதமாகக் கருதும் நவஹோ பழங்குடியினரின் தலைவர் முன்னரே மறுப்புத் தெரிவித்தார். பிறர் ஏற்றும் சரக்கின்மேல் தமக்கு அதிகாரமில்லை என்பதே நாசாவின் நிலைப்பாடு. பயணத்திற்குப் பணம் பொதுமக்களுடையது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அது தனியாருடையது! எரிபொருள் கசிவினால் அக்கலம் நிலவை அடையாது வளிமண்டலத்தில் எரிந்தழிந்தது. ஆனால் அம்மக்களின் வினா அழியவில்லை. இறந்தோரை அடக்கம்பண்ணும் ஊழியத்திலுள்ள நாம் அவ்வினாவின் பாரத்தை உணரக்கூடியவர்கள்.

ஆகவே கொள்கை சட்டமாகும் நாளில் மூன்று நிபந்தனைகளேனும் அதில் இடம்பெற வேண்டும் என்போம். எடுப்பவர் அளவைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். வருவாயில் ஒரு பங்கு, விண்கலம் ஏவ வழியற்ற நாடுகளுக்கும் சேருமாறு பொது நிதிக்குச் செல்ல வேண்டும். மறுப்புடையோரின் சொல் கலம் புறப்படுமுன் கேட்கப்பட வேண்டும். இவை முயற்சியை முடக்கும் தளைகள் அல்ல. கல்குவாரிக்காரர் நாள்தோறும் சுமக்கும் கடமைகளே.

திருத்தணி மலையின் ஆடிக் கிருத்திகையும், நாம் ஆசரிக்கும் உயிர்த்தெழுந்த ஞாயிறும், இசுலாமியரின் நோன்பு மாதமும் ஒரே நிலவைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. இதுகாறும் அதற்காக எவரும் எவர்க்கும் கட்டணம் செலுத்தியதில்லை. இப்பொதுமை தானாக நிலைத்திருக்கும் என்று எண்ணி நாம் வாளாவிருத்தல் ஆகாது. படிப்பறிவுள்ள சபையார் இக்கொள்கையைப் படித்துத் தம் பிரதிநிதிகளிடம் வினவுவார்களாக.