தீரு நகரத்து அறிஞரின் கேள்வி

நம்மோடு ஒரே பள்ளியில் பணியாற்றும் நண்பர் ஒருவர் கிறித்துவர். நல்லவர், பிறர் துன்பம் காணப் பொறாதவர். சென்ற வாரம் சிறு நூல் ஒன்றை நம் கையில் தந்தார். "படித்துப் பாருங்கள். நூற்றாண்டுகள் கழித்து நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது பைபிள். மனிதனால் ஆகக்கூடியதா இது? எழுதியவர் ஆண்டவரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். சிரிப்பு விடையாகுமா? சான்று என்ற சொல்லை எடுத்தவர் அவர். அச்சொல் பகுத்தறிவாளனுக்கு உயிரானது. சான்று காட்டுகிறேன் என்று ஒருவர் முன்வரும்போது, அதைப் பாராமலே முகம் திருப்புவதும் பாராமலே தலை வணங்குவதும் ஒரே நோயின் இரு வடிவங்கள். ஆகவே, பார்த்தோம். பார்த்ததை இங்கே வைக்கிறோம்.

முதலில் அளவுகோல். தீர்க்கதரிசனம் ஒன்றைத் தெய்வ வாக்கு என்று ஏற்க வேண்டுமானால், நிகழ்ச்சிக்கு முன்பே அது எழுதப்பட்டது என்பது உறுதிப்பட வேண்டும், இது ஒன்று. எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ள இடம் தராமல் சொல் தெளிவாக நிற்க வேண்டும், இது இரண்டு. பலித்தது என்று எழுதியவர், அந்த வாக்கைப் படித்துவிட்டு அதற்கேற்பக் கதையை அமைத்தவராக இருத்தல் கூடாது; இது மூன்று. பலித்ததை வரவு வைப்பவர் பலிக்காததையும் பற்று எழுத வேண்டும், இது நான்கு. கடைசி அளவு நாம் புகுத்தியதன்று. ஆண்டவர் பெயரால் உரைக்கப்பட்டது நடவாது போயின், அது ஆண்டவரின் வாக்கு ஆகாது என்ற சட்டம் உபாகமம் 18ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அவர்கள் வீட்டுத் தராசில்தான் நிறுக்கப் போகிறோம்.

நண்பரின் நூல் பெருமையோடு காட்டும் வழக்கு தீரு நகரம். பினீசியரின் வணிகப் பேரூர் அது. கரையை அடுத்த தீவில், மதில் சூழ, கடலையே அகழியாகக் கொண்டு செழித்த நகர். எசேக்கியேல் நூலின் 26ஆம் அதிகாரம் அதன் அழிவை உரைக்கிறது. பாபிலோனின் மன்னன் நேபுகாத்நேச்சார் வருவான், மதிலை இடிப்பான், குதிரைக் குளம்புகள் தெருக்களை மிதிக்கும், செல்வம் கொள்ளை போகும், நகரம் வெறும் பாறையாகும், மீண்டும் கட்டப்படாது, தேடினாலும் கிடைக்காது. சொல் தெளிவு; ஐயமில்லை. இரண்டாம் அளவில் எசேக்கியேல் தேறிவிட்டார்.

நடந்தது என்ன? நேபுகாத்நேச்சார் வந்தான். கி.மு. 586ஐ ஒட்டித் தொடங்கிய முற்றுகை 13 ஆண்டுகள் நீண்டது. முடிவில் உடன்பாடு ஏற்பட்டது. தீரு அவன் மேலாட்சியை ஏற்றது. தீவு நகரம் இடியவில்லை, கொள்ளையும் போகவில்லை. இதை யார் சொல்கிறார்? பகுத்தறிவாளனா? அல்ல, எசேக்கியேலே சொல்கிறார்! அவர் நூலின் 29ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். வீரர்களின் தலை வழுக்கையாகி, தோள் தேய்ந்தும், தீருவில் பாபிலோன் மன்னனுக்கும் படைக்கும் கூலி கிட்டவில்லை என்று எழுதி, அதற்கு ஈடாக எகிப்து அவனுக்குத் தரப்படும் என்று புதிய வாக்கு ஒன்றைத் தருகிறார். எகிப்தோ 40 ஆண்டுகள் ஆளற்றுப் பாழாய்க் கிடக்கும் என்பதும் அதே அதிகாரத்தில் உண்டு. எகிப்தின் நெடிய வரலாற்றில் அப்படிப்பட்ட 40 ஆண்டுகள் எங்கும் இல்லை.

"பல இனங்கள் வரும் என்றுதானே தொடக்கத்தில் இருக்கிறது? அலெக்சாந்தர் வந்து முடித்தானே!" என்பர். வலிமையான மறுப்பு இது. தட்டிக் கழிக்க மாட்டோம். அலெக்சாந்தர் கி.மு. 332இல் கரையிலிருந்து தீவுக்குக் கடலில் பாதை தூர்த்து, ஏழு மாத முற்றுகைக்குப் பின் நகரை வென்றது உண்மை. கொடுமை இழைத்ததும் உண்மை. ஆனால் மதிலை இடிப்பான், தெருவை மிதிப்பான் என்ற வினைகளுக்கு எழுவாயாக எசேக்கியேல் வைத்த பெயர் நேபுகாத்நேச்சார். எழுவாயை மாற்றிப் பயனிலையைக் காப்பாற்றலாம் என்றால், எந்த வாக்கியமும் பொய்யாகாது. பள்ளி மாணவன் எழுதும் எந்த விடையும் தவறாகாது! அது போகட்டும். அலெக்சாந்தருக்குப் பின்னாவது தீரு மறைந்ததா? இருபது ஆண்டு ஆவதற்குள் அவன் தளபதி அந்திகோனஸின் படையை ஓராண்டுக்கு மேல் எதிர்த்து நின்றது. பவுல் அங்கே ஏழு நாள் தங்கிச் சீடர்களைக் கண்டதை அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரம் கூறுகிறது. இன்று லெபனான் நாட்டில் சூர் என்ற பெயரோடு மக்கள் வாழும் ஊர் அதுவே.

எசேக்கியேலை இகழ்கிறோமா? இல்லை. 27ஆம் அதிகாரத்தில் அந்நகரையே ஒரு கப்பலாக உருவகித்து, பலகையையும் பாயையும் பண்டங்களையும் ஒவ்வொன்றாக அடுக்கிக் காட்டி, நடுக்கடலில் அதைக் கவிழ்க்கிறார். பட்டினப்பாலை பயின்ற தமிழன் இதன் சுவையை உணர்வான். சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட மனிதர் அவர். எருசலேம் வீழ்ந்ததைக் கண்டு மகிழ்ந்த செல்வ நகரின்மேல் அவர் கொண்ட சீற்றம் அது. அதைவிட, தாம் சொன்னது நடவாததை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அந்த நேர்மை பெரிது. மறைப்பவர்கள் அவருக்கு வக்காலத்து வாங்குவோர்.

மூன்றாம் அளவுக்கு வருவோம். ஒரே கருத்தை அடுத்தடுத்த இரு தொடர்களில் சொல் மாற்றிக் கூறுவது எபிரேயக் கவிதையின் அழகு. சகரியா நூலின் 9ஆம் அதிகாரம், வரப்போகும் அரசன் கழுதையின்மேல் வருவான் என்று கூறி, அதையே கழுதைக்குட்டி என்று மீண்டும் கூறுகிறது. விலங்கு ஒன்று, சொல் இரண்டு. மாற்கு எழுதிய வரலாற்றில் இயேசு எருசலேமுக்குள் நுழைகையில் ஒரு குட்டிதான் உண்டு. மத்தேயுவின் 21ஆம் அதிகாரத்திலோ தாயும் குட்டியுமாக இரண்டு வந்துவிட்டன! ஏன்? வாக்கு பலிக்க வேண்டும் என்ற ஆவலில் கவிதையை எண்ணிக்கையாகப் படித்தார் மத்தேயு. நிகழ்ச்சியைக் கண்டு வாக்கை நினைத்தாரா? வாக்கைக் கண்டு நிகழ்ச்சியை வரைந்தாரா? இரண்டாவது கழுதை விடை கூறுகிறது.

இனி முதல் அளவு. எப்போது எழுதப்பட்டது? இந்தக் கேள்வியைத் தானியேல் நூலின்மேல் கூர்மையாகத் தொடுத்தவர் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தத்துவ அறிஞர் போர்பிரி. அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? தீரு! தேடினாலும் கிடைக்காது என்று தீர்க்கதரிசனம் கூறிய நகரத்தில் பிறந்து, வளர்ந்து, தீர்க்கதரிசனத்தைத் தேர்வுக்கு நிறுத்தினார் அவர். கிறித்துவருக்கு மறுப்பாக அவர் எழுதிய 15 நூல்களில் பன்னிரண்டாவது, தானியேலை ஆராய்ந்தது.

தானியேல், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்தவராகக் காட்டப்படுகிறார். நூலின் 11ஆம் அதிகாரம், அலெக்சாந்தரின் பேரரசு உடைவதையும், வடநாட்டு மன்னரும் தென்னாட்டு மன்னரும் மணவுறவு கொள்வதையும் மோதுவதையும் படிப்படியாக உரைக்கிறது. சிரியாவை ஆண்ட செலூக்கியரும் எகிப்தை ஆண்ட தாலமியரும் அவர்கள். கி.மு. 175இல் அரியணை ஏறிய நான்காம் அந்தியோக்கஸ் எகிப்தின்மேல் படையெடுத்ததும், 168இல் ரோமரின் மிரட்டலுக்குப் பணிந்து திரும்பியதும், எருசலேம் கோயிலைத் தீட்டுப்படுத்தியதும் அப்படியே இருக்கின்றன. வியப்புத்தான். ஆனால் அடுத்து? அவன் மீண்டும் எகிப்தை வெல்வான், லிபியரும் எத்தியோப்பியரும் அவனைப் பின்தொடர்வர், கடலுக்கும் புனித மலைக்கும் இடையே கூடாரம் அடிப்பான், அங்கே முடிவடைவான் என்கிறது நூல். அவன் எகிப்தை மீண்டும் வெல்லவில்லை. கி.மு. 164இல் பாரசீகத்தில் நோயுற்று மாண்டான். அவன் முடிவை அடுத்து இறந்தோர் எழுவர் என்றது 12ஆம் அதிகாரம், எவரும் எழவில்லை.

கி.மு. 167 வரை குறி தப்பாத அம்பு, அதற்குப் பின் ஏன் தப்பியது? எழுதியவர் அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார் என்பதால்! கடந்ததைக் கண்டு எழுதினார். வருவதை விரும்பி எழுதினார். போர்பிரியின் வாதம் இதுவே. இன்று வரலாற்று முறையில் பைபிளை ஆராயும் அறிஞரில் மிகப் பலரும், அவர்களுள் கிறித்துவரும், இக்காலக் கணிப்பையே ஏற்கின்றனர்.

"அற்புதமே நடவாது என்று முன்முடிவு கட்டிக்கொண்டு பேசுகிறீர்கள்" என்பர். இல்லை, நூலையே கேட்கிறோம். தாம் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்தை நன்கறிந்து, தொலைவான காலத்தை மங்கலாகக் காண்பது மனித இயல்பு. இங்கே தலைகீழாக இருக்கிறது. கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றியவன் பாரசீகத்துக் கோரேசு. தானியேல் நூலோ, மேதியனாகிய தரியு ஆட்சியைப் பெற்றான் என்கிறது. அப்படி ஒரு மன்னனை அக்கால ஆவணங்கள் அறியா. கி.மு. 180ஐ ஒட்டி முன்னோரின் புகழைத் தொகுத்துப் பாடிய சீராக், ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் ஆகியோரைக் கூறுகிறார், தானியேலைக் கூறவில்லை.

நம் பக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. தானியேல் நூலில் வரும் பெல்ஷாத்சார் வெறும் கற்பனை என்று ஒரு காலத்தில் ஐயுற்றோர் அடித்துக் கூறினர். 1854இல் ஊர் என்ற பழம் பதியில் கிடைத்த களிமண் உருளை எழுத்து, அவன் நபோனிதஸின் மகன் என்று காட்டிற்று. அவனை நேபுகாத்நேச்சாரின் மகன் என்ற தானியேலின் கூற்றும் பிழை. அவன் இல்லவே இல்லை என்ற மறுப்பும் பிழை. சான்று வருமுன் முழங்குவது எவருக்கும் தகாது, நமக்கும் தகாது.

இம்முறை அந்த நாட்டுக்கு மட்டும் உரியதா? விஷ்ணு புராணத்தில் பராசரர் நந்தரையும் மௌரியரையும் குப்தரையும் "இனி ஆளப்போகிறவர்" என்ற எதிர்கால நடையில் வரிசைப்படுத்துகிறார். சொல்லும் வாய் பழையது. எழுதிய கை புதியது. அதைக் கண்டுபிடித்துச் சிரிக்கும் நாம், இதையும் அதே தராசில் வைக்கிறோம். மதத்துக்கு ஒரு தராசு வைத்திருப்பவன் பகுத்தறிவாளன் அல்லன், கட்சிக்காரன்.

போர்பிரியின் நூலுக்கு என்ன நேர்ந்தது? கி.பி. 448இல் பேரரசர்கள் தியோடோசியஸும் வாலெண்டினியனும் அதை எரிக்க ஆணையிட்டனர். தானியேலுக்கு உரை எழுதிய ஜெரோம் போன்றோர் மறுப்பதற்காக எடுத்துக் காட்டிய பகுதிகள் வழியாகவே அவர் வாதம் நமக்குக் கிடைக்கிறது. அவரை மறுத்த ஜெரோமுக்கு நன்றி கூறுவோம். எரித்தவர்களுக்கு என்ன கூறுவது? அந்தியோக்கஸ் என்ன செய்தான்? யூதரின் திருநூல் சுருள்களைக் கிழித்து எரித்தான், வைத்திருந்தவனைக் கொன்றான். அந்த நெருப்பின் நடுவே, கொடுங்கோலன் வீழ்வான், கலங்காதீர் என்று தன் மக்களுக்குத் துணிவூட்ட ஒருவர் ரகசியமாக எழுதிய நூல் தானியேல். பழைய ஞானியின் பெயரைப் போர்த்திக்கொண்டார்; தம் பெயரை வெளியிட்டால் தலை தப்பாது. அடக்கப்பட்ட இனத்தின் மூச்சு அதில் இருக்கிறது. சோதிட நூலாக்கிக் கொண்டாடுவோர் அந்த மூச்சையே நிறுத்துகின்றனர்.

இவ்வளவையும் நண்பரிடம் கூறினோம். அவர் சினக்கவில்லை. "அப்படியானால் என் நம்பிக்கை பொய் என்கிறீர்களா?" என்று கேட்டார். "உங்கள் அன்பையும் தொண்டையும் எவரும் பொய் எனக் கூற முடியாது. நீங்கள் காட்டிய சான்று, சான்றாக நிற்கவில்லை என்கிறோம்" என்றோம். தம் பைபிளை எடுத்து எசேக்கியேல் 29ஐத் தாமே ஒருமுறை படித்தார். "இந்தப் பகுதியை எவரும் எனக்குப் படித்துக் காட்டியதில்லை" என்றார்.

தோழர்களே, அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். பொறுக்கி எடுத்த வரிகளைத்தான் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். முழு நூலையும் படியுங்கள். மறுக்க விரும்பும் நூலானால் இருமுறை படியுங்கள். பிறகு கேளுங்கள், தீரு நகரத்து அறிஞர் கேட்டதை: இதை எழுதியது எப்போது? எவர்? எந்த வேதனையில்?