மோகனத்துக்கு ஐம்பது பாட்டு எதற்கு?



கலை விழா நெருங்கினால் புலனக் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். 'மோகன ராகத்தில் அமைந்த திரைப்பாடல்கள்' என்று தலைப்பு. கீழே ஐம்பது, அறுபது பாட்டு. யார் தொகுத்தது என்று இருக்காது. நாமும் ஒரு கும்பிடு போட்டு நன்றி சொல்லிவிட்டு, அதில் பிரபலமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். பட்டியல் தவறு என்று சொல்ல வரவில்லை. அது பாட்டின் பெயரைத்தான் தரும்; அந்தப் பாட்டில் மோகனம் எங்கே இருக்கிறது என்று உங்கள் மாணவனுக்குக் காட்டாது. காட்ட வேண்டியது நாம். அதற்கு எந்தப் பாட்டு உதவும் என்பதுதான் கேள்வி.

பட்டியலில் பெரும்பாலும் முதலில் நிற்பது 'நின்னுக்கோரி வர்ணம்'. 1988-இல் வந்த அக்னி நட்சத்திரம். இளையராஜா இசை, சித்ரா குரல். பூச்சி சீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தை எடுத்து அதிலிருந்தே பாட்டைத் தொடங்குகிறார் ராஜா. கேட்கப் பிரமாதம். வகுப்புக்கு? என் கணக்கில் கொஞ்சம் பின்னால்தான். தாளம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சுரம் காதில் நிற்காது. போதாக்குறைக்குத் தொடக்கச் சொல்லே தெலுங்கு. "அர்த்தம் என்ன டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் தமிழ்ப் பாடவேளை வேறு பக்கம் போய்விடும்.

நான் முதலில் வைப்பது மாயா பஜார் (1957) படத்தின் 'ஆகா இன்ப நிலாவினிலே'. கண்டசாலாவும் பி. லீலாவும் அவசரமே இல்லாமல் பாடுவார்கள். படகு போகிற வேகம்தான் பாட்டின் வேகம். ஒவ்வொரு சுரத்திலும் குரல் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருக்கும், அதனால் பிள்ளைகள் கூடவே முணுமுணுக்கலாம். பத்ரகாளியில் (1976) வரும் 'கண்ணன் ஒரு கைக்குழந்தை' இதற்கு அடுத்தது.

திரைக்கு வெளியே ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: அருணாசலக் கவிராயரின் 'ஏன் பள்ளிகொண்டீரையா'. இராம நாடகக் கீர்த்தனையில் உள்ளது. இன்று மேடைகளில் மோகனத்தில் பாடுகிறார்கள். திருவரங்கத்தில் படுத்திருக்கும் பெருமாளிடம், இந்தக் களைப்பா, அந்தக் களைப்பா என்று இராமன் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிற பாட்டு. வினாவாக்கியப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பனுவல் எனக்குத் தெரிந்து குறைவு. பட்டியல்களில் இது ஏனோ வருவதே இல்லை!

சரி, ஒரு பாட்டு மோகனம்தானா என்று எப்படிப் பார்ப்பது? பள்ளியில் ஒரு கீபோர்ட் இருந்தால் போதும். மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஸ என்று வையுங்கள். அந்த மூன்றும் ஸ ரி க. அடுத்து வரும் இரண்டு கறுப்பும் ப த. வெள்ளையைத் தொடாமலே மோகனம் வந்துவிட்டது. மெட்டு இந்த ஐந்துக்குள் நிற்கிறதா என்று தேடிப் பாருங்கள். வெளியே போகிற இடங்களும் திரைப்பாட்டில் உண்டு. அந்த இடத்தை மாணவனே கண்டுபிடித்தால் ரொம்ப நல்லது.

ஆனால் ஐந்து சுரம் இருந்தாலே மோகனம் என்று நிறுத்திவிடாதீர்கள். நம் பிள்ளைகள் சீனப் பாட்டுகளைக் கேட்டு வளர்கிறவர்கள். 'மோ லி ஹுவா' என்ற மல்லிகைப் பாட்டைப் போட்டால், "இதுவும் மோகனம்தானே சார்?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். நியாயமான கேள்வி. அதே ஐந்து கறுப்புக் கட்டையில் அதையும் வாசிக்கலாம். ஆனால் அந்த மெட்டு வந்து முடிகிற இடம் நாம் ப என்று வைத்த கட்டை. அதையே ஸ என்று எடுத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது சுத்த சாவேரியின் சுரங்கள். இப்படி ரி-யிலிருந்து தொடங்கினால் மத்யமாவதி, க-விலிருந்து இந்தோளம், த-விலிருந்து சுத்த தன்யாசி. கட்டைகள் ஒன்றுதான், மெட்டு எங்கே வந்து இளைப்பாறுகிறது என்பதுதான் பெயரை மாற்றுகிறது. பட்டியலால் சொல்ல முடியாதது இதைத்தான். கமகம், பிடிப்பு எல்லாம் இன்னும் தூரம், அது பாட்டு வாத்தியார் வேலை.

இன்னொன்றும் செய்து பாருங்கள். மோகனத்துக்கு இன்னொரு மோகனத்தைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. அதே அக்னி நட்சத்திரத்தில் 'வா வா அன்பே அன்பே' இருக்கிறது, சிவரஞ்சனி. மோகனத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு சுரம்தான் வேறு. மூன்றாவது கறுப்புக் கட்டையை விட்டுவிட்டு அதன் இடப்பக்கத்து வெள்ளையைத் தொடுங்கள், காந்தாரம் இறங்கிவிடும். ஸ ரி க ப த-வை இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டிவிட்டு இரண்டு பாட்டின் பல்லவியையும் போடுங்கள். எது எது என்று நான்காம் ஆண்டுப் பிள்ளைகளே கை தூக்குவார்கள். ஒரு பாடவேளைக்கு இந்த இரண்டும் மாயா பஜாரும் போதும். மிச்சப் பட்டியலை அடுத்த கலை விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.