விண்வெளிக் கப்பலில் அடிமை யார்? விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சியும் நடிகர் தெரிவும்

விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களில் எந்த இனத்தவர் எப்பாத்திரத்தை ஏற்க வேண்டும் என்ற விவாதம் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுக்கிடையே நிகழ்கின்றது. எதிர்காலத்தில் நிறவேறுபாடு பொருளற்றதாகிவிடும், ஆதலால் எவரும் எதனையும் நடிக்கலாம் என்பது ஒன்று. திரையிலே தோன்றும் கறுப்பு, பழுப்பு முகங்களின் தொகை பெருக வேண்டும் என்பது மற்றையது. இரண்டும் நடிகரின் தோலோடு நின்றுவிடுகின்றன. கதை எத்தகைய சமூக உறவுகளைக் கற்பிக்கின்றது என்பதிலிருந்து நடிகர் தெரிவைப் பிரித்து நோக்குதல் இயலாது.

1966 முதல் 1969 வரை ஐக்கிய அமெரிக்காவில் ஒளிபரப்பாகிய 'ஸ்டார் ட்ரெக்' தொடர் இதற்குத் தக்க சான்றாகும். அதில் ஊஹுரா என்ற அதிகாரியாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதற் பருவத்தின் பின் விலக எண்ணியபோது, தொடர்ந்து நடிக்குமாறு மார்ட்டின் லூதர் கிங் தம்மை வேண்டியதாகக் கூறியுள்ளார். அப்பேறு உண்மையானதே. ஆயின், ஊஹுராவின் பணி செய்தி வாங்கிக் கொடுத்தல்; முடிவெடுப்போர் மூவரையும் நடித்தோர் வெள்ளையர். கான் நூனியன் சிங் என்ற, சீக்கியனாக ஊகிக்கப்படும் பாத்திரம் 1967இல் மெக்சிக்கோவிற் பிறந்த ரிக்கார்டோ மொன்ரல்பானுக்கும், 2013ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பாட்சுக்கும் சென்றமையையும் இங்குச் சுட்டலாம்.

எனினும், விரிவாக ஆராயத்தக்கது 1969 ஜனவரியில் வெளிவந்த 'லெட் தட் பி யுவர் லாஸ்ட் பட்டில்பீல்ட்' என்ற அத்தியாயமேயாகும். கிங் கொலையுண்டு ஓராண்டு நிறையாத காலம் அது. செரோன் கிரகத்தைச் சேர்ந்த இருவர் கப்பலுக்கு வருகின்றனர். இருவரும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பீலுக்கு வலப்புறம் கறுப்பு. லோக்காய்க்கு வலப்புறம் வெள்ளை. இவ்வேறுபாடே ஓரினத்தை ஆள்வோராகவும் மற்றையதை அடிமைகளாகவும் வகுத்தது. பீல் அரசின் அதிகாரி, லோக்காய் கிளர்ச்சிக்காரன். தன் மக்கள் அடிமைப்படுத்தப்பட்டதை லோக்காய் வெளிப்படையாகவே கூறுகின்றான். கப்பலின் தலைவர்களோ கேட்டும் கேளாதவராய், வெறுப்பைக் கைவிடுமாறு இருவரையும் வேண்டுகின்றனர். இறுதியில், அழிந்துபோன தம் கிரகத்தில் இறங்கியும் இருவரும் போராட்டத்தை விடுவதாயில்லை. அடக்குபவனும் அடக்கப்படுபவனும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டுச் சமகுற்றவாளிகளாகின்றனர். சுரண்டல் என்னும் பொருளியல் உறவு, வெறுப்பு என்னும் உளநோயாகச் சுருங்கிவிடுகின்றது. (தாராண்மைவாத மனிதாபிமானத்துக்கு இஃது உவப்பான வைத்தியம், இதனால் எவரும் எதனையும் இழக்க வேண்டியதில்லை.)

இவ்விரு பாத்திரங்களையும் ஏற்றோர் பிராங்க் கோர்ஷின், லூ அன்ரோனியோ என்ற வெள்ளை நடிகர்கள். லோக்காயாக ஒரு கறுப்பின நடிகர் தோன்றியிருப்பின், விலங்கு எவர் காலிற் கிடந்தது என்பதை அமெரிக்கப் பார்வையாளர் மறந்திருக்க முடியாது. கதையின் சமன்பாடு அக்கணமே குலைந்திருக்கும். பூசிய வண்ணம் வரலாற்றை மறைக்கும் கருவியாகவே தொழிற்பட்டது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது, 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998இல் வெளிவந்த 'ஃபார் பியோண்ட் த ஸ்டார்ஸ்'. விண்வெளி நிலையத்தின் தலைவரான கறுப்பினத்தவர் சிஸ்கோ, தம்மை 1953ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வாழும் பென்னி ரசல் என்ற சஞ்சிகை எழுத்தாளராகக் காண்கின்றார். கறுப்பினத் தலைவனைப் பற்றிய அவரது கதையை ஆசிரியர் முதலில் மறுக்கின்றார். அதனைக் கனவென மாற்றிய பின் ஏற்கின்றார். ஆனால், சஞ்சிகையின் உரிமையாளர் அவ்விதழ் முழுவதையும் அழிப்பித்துவிடுகின்றார். இங்கு வினா மனநோய் பற்றியதன்று. அச்சு எவரது உடைமை என்பது பற்றியது. இதற்கு மெய்யான வரலாற்று அடிப்படையும் உண்டு. சாமுவேல் டிலேனியின் 'நோவா' நாவல் 1968இல் நூலாயிற்று. அதனைத் தொடராக வெளியிட மறுத்த ஆசிரியர் ஜோன் கம்பல், தமது வாசகர் கறுப்பினக் கதாநாயகனோடு ஒன்றமாட்டார் எனக் காரணங் காட்டியதாக டிலேனி எழுதியுள்ளார்.

சிஸ்கோவாக நடித்த ஏவரி புரூக்ஸே இவ்வத்தியாயத்தை நெறிப்படுத்தினார். அவரது நிறம் இங்கு அணியன்று, கதையின் பொருளேயாகும். ஆயினும், கறுப்பினத்தவன் எழுதவிடப்படாமை பற்றிய இக்கதையையும் அதன் பிரதியையும் எழுதியோர் மார்க் ஸ்கொட் ஸிக்ரீ, ஐரா ஸ்டீவன் பெஹர், ஹான்ஸ் பைம்லர் ஆகிய மூவர், மூவரும் வெள்ளையர்.