வர்ணத்தைத் தாண்டாத பெட்டி

வீட்டிலேயே சின்னதாக ஒரு எம்பி3 பிளேயர் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே சர்க்யூட்டைத்தான் போடுகிறார்கள்: ஆர்டுயினோ நானோ, டிஎஃப்பிளேயர் மினி, மைக்ரோ எஸ்டி கார்டு, நாலு பட்டன், ஒரு லித்தியம் பேட்டரி. அப்பாவுக்கு நானும் அதையே செய்து கொடுத்தேன். பத்து நாள் கழித்து "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. வர்ணம் மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார்.

அவர் கேட்பது இரண்டு மணி நேரக் கச்சேரிகள். ஒவ்வொன்றும் ஒரே ஃபைல். நடுவில் தூக்கம் வந்தால் அணைத்துவிடுவார். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. மங்களம் வரை போனதே இல்லை.

தப்பு என்னுடையது. 'இத்தனையாவது பாட்டைப் போடு' என்று அந்த மாட்யூலுக்குச் சொல்லலாம். 'நாற்பதாவது நிமிடத்திலிருந்து போடு' என்று சொல்ல அதில் கட்டளையே கிடையாது. டேட்டாஷீட்டில் 24 பிட் டிஏசி என்பதைப் பார்த்தேனே தவிர, இதைப் பார்க்கவில்லை. நம் விமர்சனங்களும் அப்படித்தான்: ஒலித்தரம், பெட்டியின் அளவு, பேட்டரி எத்தனை மணி நேரம். விட்ட இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கேசட்டில் இதற்கென்று தனி வசதி எதுவும் இல்லை. நிறுத்திய இடத்திலேயே டேப் நிற்கும். வேறு டெக்கில் போட்டாலும் அங்கிருந்துதான் பாடும். டிஜிட்டலில் அந்த ஞாபகத்தை நாம்தான் எழுதித் தர வேண்டும்.

அதனால் விஎஸ்1053 சிப்புக்கு மாறினேன். கார்டிலிருந்து பைட்டுகளைப் படித்து நாமே அதற்கு ஊட்டுவதால், எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். 128 கேபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 16,000 பைட். எம்பி3 சிறு சிறு ஃபிரேம்களால் ஆனது. நடுவில் தொடங்கினாலும் டீகோடர் அடுத்த ஃபிரேமைப் பிடித்துக்கொள்ளும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. நானோவின் ஈப்ராமில் ஓர் இடத்தில் சுமார் 1,00,000 முறைதான் எழுதலாம். பத்து விநாடிக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் எழுதினால் 280 மணி நேரத்துக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். 1,024 பைட்டையும் எட்டு எட்டாகப் பிரித்து 128 இடங்களில் சுழற்சியாக எழுதினால் 35,000 மணி நேரம் தாங்கும்.

பெட்டி கொஞ்சம் பெரிசாயிடுச்சு. சட்டைப் பையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் ஒரு தனி ஆவர்த்தனத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.