கண்ணீர் உண்டு, நாற்காலி எங்கே?

நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயர் தாங்கிய நகரிலே ஒரு தெரு. பட்டு மின்னும், பாத்திரம் பளபளக்கும், மக்கள் வெள்ளம் அலைமோதும். வாங்க வருவோர் காண்பது அந்த மினுமினுப்பை. அதற்குப் பின்னே, காலை முதல் இரவு வரை நின்ற காலோடு நிற்கும் இளைஞரையும் மங்கையரையும் காட்டிய படம், 2010-இல் வெளிவந்த 'அங்காடித் தெரு'. இயக்கியவர் வசந்தபாலன். ஜவுளிக்கடைத் தொழிலாளியைக் கதைத் தலைவனாக்கிய துணிவைப் பாராட்டுகிறோம். பாராட்டிய பின், ஒரு கேள்வி கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

தென்மாவட்டத்துச் சிற்றூர். நன்கு படித்த பிள்ளை ஜோதிலிங்கம். தந்தை விபத்தில் மாள்கிறார், படிப்பு நிற்கிறது, கடை அழைக்கிறது. ஆளெடுக்க வருவோர் எவனைத் தேடுகின்றனர்? தந்தையற்றவனை, தங்கைகளைக் காப்பாற்ற வேண்டியவனை! ஏன்? அவன்தான் எதிர்த்துப் பேசமாட்டான். இந்த ஒரு காட்சி நூறு மேடைப் பேச்சுக்கு நிகர். சுரண்டல் தற்செயலாக நடப்பதன்று. கணக்குப் போட்டு நடத்தப்படுவது என்பதைப் பாமரனும் உணர்கிறான்.

அதன்பின் வசை, அடி, அடைசலான விடுதி, பெண்கள் மீது மேற்பார்வையாளன் காட்டும் கைவரிசை. இறுதியில் விபத்து, கால்களை இழக்கிறாள் கனி, அவளைக் கைவிடாமல் ஏற்கிறான் காதலன். கண்ணீரோடு எழுகிறோம்.

அந்தக் கண்ணீரோடு வேறென்ன கொண்டுவந்தோம்? கொடுமைக்குக் காரணம் கருங்காலி என்னும் அந்த மேற்பார்வையாளனின் கல்நெஞ்சம் என்று எண்ணியன்றோ வீடு திரும்புகிறோம்! அவனிடத்தில் ஒரு நல்லவன் அமர்ந்தால் அவலம் தீர்ந்துவிடுமா? தீராது. அங்கே மிதிக்கப்படுவது ஒருவன் இரக்கமன்று, நாட்டின் சட்டம்.

ஆம், சட்டம்! படம் வருவதற்கு 63 ஆண்டுகளுக்கு முன்பே, 1947-இல், சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் பிறந்துவிட்டது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. மிகுநேர உழைப்புக்கு இரட்டிப்பு ஊதியம். தொடர்ந்து 4 மணி உழைத்தால் 1 மணி ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. 6 மாதம் தொடர்ந்து உழைத்தவரைத் தக்க காரணமின்றி, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இன்றி, நீக்கலாகாது. பணியிடத்துப் பெண்களைக் காக்கும் நெறிகளை 1997-இல் உச்சநீதிமன்றம் வகுத்தது. 2013-இல் அது சட்டமாகி, பத்துப் பேர் பணியாற்றும் இடத்தில் புகார்க் குழு கட்டாயமாயிற்று.

"அந்தக் கடைக்குள் சட்டம் நுழைவதே இல்லை, இல்லாததை எப்படிக் காட்டுவது?" என்று கேட்பார் உண்டு. இல்லாமையைத்தான் காட்ட வேண்டும் என்கிறோம். வரவேண்டிய ஆய்வாளர் வரவில்லை, இருக்க வேண்டிய சங்கம் இல்லை என்பது பார்ப்பவர் மனத்தில் தைக்க வேண்டும். தைக்காவிட்டால், "ஏழையின் தலையெழுத்து" என்ற பழம்பாட்டே மிஞ்சும். விதியை வீழ்த்தப் புறப்பட்டோர் நாம். வேறு உடையில் அது திரும்பி வந்தால் வரவேற்கலாமா?

விதியை நம்பாதோர் செய்ததைப் பாருங்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிலே கடைப் பெண்கள் கழிப்பறை கேட்டனர். பின்னர் உட்கார இருக்கை கேட்டனர். தையற்காரியான விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் தளராது போராடினர். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் 1947 சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, கடைதோறும் ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்றது. பரிவால் வந்ததன்று அது. போராட்டம் காட்டிய வழி.

வந்தது நிலைக்கும் என்று உறங்கவும் முடியாது. 2023 ஏப்ரலில் இதே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே நாளன்று, திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடி நூறாண்டு நிறைந்த நாள் அது! ஆள்வோர் நம்மவரே ஆயினும், காவல் நம் கடமை.

தோழர்களே! வகுப்பறையில் என் முன்னே பலகையில் அமர்ந்து படிக்கும் பிள்ளைகளில் சிலர் நாளை அந்தக் கடைகளில் நிற்கப் போகிறவர்கள். அவர்களுக்கு நாம் தரவேண்டியது அனுதாபம் மட்டுந்தானா? அடுத்த முறை துணி எடுக்கச் செல்லும்போது, விலையைக் கேட்குமுன் கேளுங்கள்: "அம்மா, உனக்கு நாற்காலி எங்கே?" சட்டத்தில் உரிமை இருக்கிறது என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். நாளை எழுதப்படும் கதையில், அந்தப் பெண் அழாமல் அந்தக் கேள்வியைத் தானே கேட்கட்டும்.