‘அக்னிச் சிறகுகள்’ காட்டும் மாணவர் செயற்றிட்டம்

தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914 ஆம் ஆண்டு தொடங்கி, 1964 டிசெம்பர்ப் புயல் தனுக்கோடியை அழிக்கும் வரையும், சென்னைப் புகைவண்டி கொணர்ந்த பயணிகளைக் கப்பல் அக்கடல் கடத்தித் தலைமன்னாரிற் சேர்த்தது. அவ்வண்டிப்பாதையிலுள்ள இராமேசுவரத்திலே 1931 இற் பிறந்தவர் அப்துல் கலாம். யுத்தகாலத்தில் வண்டி அவ்வூரில் நில்லாதாகவே, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாட் கட்டுகளை எடுத்துக்கொடுப்பது சிறுவராகிய அவருக்கு வேலையாயிற்று. அருண் திவாரியோடு சேர்ந்து அவர் எழுதி 1999 இல் வெளியிட்ட தன்வரலாறு, ‘அக்னிச் சிறகுகள்’ எனத் தமிழிலும் வழங்குகின்றது. மன்னார்க் கரையிலிருந்து அதனைப் படிப்பவனுக்கு அஃது அயல்வீட்டுக் கதை. அயல்வீட்டுக் கதையை வியந்து மட்டும் விட்டுவிடுதல் வழக்கமன்று. சற்று ஆராய்தலும் உண்டு.

ஆராய்தற்குரிய பகுதி, சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழினுட்ப நிறுவனத்திலே அவர் விமானப் பொறியியல் கற்ற காலத்து நிகழ்ச்சியொன்று. தாழப் பறந்து தாக்கும் விமானமொன்றை வடிவமைக்குமாறு ஐந்து மாணவரடங்கிய குழுவுக்குப் பணி தரப்படுகின்றது. காற்றியக்க வடிவத்தைக் கலாம் ஏற்கிறார்; உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் என்பன ஏனைய நால்வர் பங்கு. வேலையைப் பார்வையிட்ட பணிப்பாளர் பேராசிரியர் சீனிவாசன், முன்னேற்றம் போதாதென்கிறார். ஒரு மாதத் தவணை கேட்ட மாணவருக்கு மூன்றே நாள் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலிற் சொன்ன சொல்: திங்கட் காலை வரைபடம் வாராவிடின் புலமைப்பரிசில் நிறுத்தப்படும். மாணவர் இராவுணவின்றி வரைபலகை முன் நிற்கிறார். ஞாயிறு காலை, வேலை முடியுந் தறுவாயில், பேராசிரியர் டெனிசு விளையாடிய உடையோடே வந்து நின்று பார்க்கிறார், தழுவிப் பாராட்டுகிறார்.

இந்நிகழ்ச்சியை எடுத்தாள்வோர் பலர். நெருக்கடி திறமையைப் பிறப்பிக்கும் என்பதற்கு இதனைச் சான்றாக்குவர். நூலின் நடையும் அவ்வாறே வாசகனை இட்டுச்செல்கின்றது. எனினும் அந்நூலே முன்னர்க் கூறிய ஒன்றை இவ்விடத்து நினைவுகூர்தல் வேண்டும். கல்லூரியிற் சேரும் பணத்துக்காகத் தமக்கை சொகரா தம் பொன் வளையலையும் சங்கிலியையும் ஈடுவைத்தார். அத்தகைய இல்லத்து மாணவனுக்குப் புலமைப்பரிசில் அலங்காரமன்று, சோறு. சோற்றைப் பணயமாக வைத்த பந்தயத்தில் கலாம் வென்றார். ஆதலின் கதை இனிக்கிறது. தோற்றிருப்பின்? பரிசில் நிறுத்தப்பட்டு ஊர் திரும்பிய மாணவன் தன்வரலாறு எழுதுவதில்லை. எழுதினும் எடுத்தாள்வோர் இரார். வென்றவர் வாய்ச்சொல்லையே சான்றாகக் கொண்டு கற்பித்தல் முறையொன்றை நிறுவுதல் நேரிய அளவையாகாது.

நிறைவுறாத இடம் பிறிதும் உண்டு. பணி ஐவருக்குரியது, கதையோ ஒருவருடையது. நால்வரும் தத்தம் பகுதிக்குப் பெயர் கொடுத்தபின் மறைந்துவிடுகின்றனர். விமான வடிவமைப்போ தனித்தனி வரைந்து ஈற்றில் ஒட்டுங் காரியமன்று. இறகின் பரப்பு மாறினாற் கட்டமைப்பின் நிறை மாறும்; நிறை மாறினால் வேண்டும் உந்துவிசை மாறும்; எஞ்சின் பெரிதாயின் இறகை மீண்டும் வரைய வேண்டும். ஒருவன் கணக்கு மற்றவன் கணக்கைக் குலைக்க, இருவரும் அமர்ந்து பேசித் தீர்ப்பதே அக்கல்வியின் உயிர். அந்தப் பூசலும் இணக்கமும் நூலில் இல்லை. தன்வரலாற்றின் இயல்பு இதுவென அமைதி கூறலாம். ஆயினும் செயற்றிட்டக் கல்வியை இந்நூலிலிருந்து அறியப் புகும் ஆசிரியருக்கு இக்குறை சிறிதன்று.

இனி, போற்றத்தக்கவை எவை? நூல் போகிறபோக்கிற் சொல்லும் இரண்டு. ஒன்று, கல்லூரியிற் காட்சிக்கு வைக்கப்பட்ட, சேவையினின்று நீக்கிய இரு விமானங்கள். மற்றை மாணவர் விடுதி சென்றபின்னும் கலாம் அவற்றினருகே அமர்ந்திருந்தார். பொருள் கண்ணெதிரே இருந்தது. கை அதனைத் தொட்டது. மற்றொன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில், விளையாட்டுக் களத்திலிருந்து நேரே வந்து, மாணவன் வேலையை நின்று பார்த்த ஆசிரியர் அவர். தாம் விதித்த தவணை இயலாததென்பதை அவரே ஒப்புக்கொண்டார். இக்கதையைக் கூறுவோர் திங்கட்கிழமையை மறவாமற் கூறி, ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுகின்றனர். பார்க்க வராத ஆசிரியர் விதிக்கும் மூன்று நாள் வெறுந் தண்டனையே.

வரைந்ததோ தாளில் உள்ள விமானம். அந்நிறுவனம் 1978 இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தபின், அவ்வளாகத்தில் ஆசிரியரும் மாணவரும் கூடி உருவாக்கிய ‘அனுசாற்’ என்னும் 40 கிலோகிராம் செய்மதி, 2009 ஏப்ரில் 20 இல் சிறீகரிக்கோட்டாவிலிருந்து விண்ணேறியது. செய்தியைப் பெற்றுத் தேக்கிப் பின்னர் அனுப்புவது அதன் தொழில். விண்ணிலுள்ள கருவியிடம் தவணை கேட்டல் இயலாது. பற்றாசு ஒன்று விட்டுப்போயிற்றாயின் சென்று திருத்துவாரும் இலர். இலங்கையின் ‘இராவணா 1’ ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடையது; யப்பானியக் கியூசு தொழினுட்ப நிறுவனத்திலே இலங்கைப் பொறியியலாளர் இருவர் பயின்று அமைத்த அது 2019 யூன் 17 இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அதனைச் செய்து பழகக் கடல் கடந்து யப்பான் செல்ல வேண்டியிருந்தமை எண்ணத்தக்கது.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைகள் முப்பது. அவற்றால் விளையும் இடர்பற்றித் தீவினர் கூறும் முறையீடு தனியே ஆராய்தற்குரியது. ஆனால் அவற்றின் அலகுகள் காற்றை வெட்டும் விதி, கலாம் வரைந்த இறகின் விதியே. கண்ணெதிரே நிற்பதனால் மட்டும் அவை குரோம்பேட்டையின் பழைய விமானங்களாகிவிடா. மாணவன் அருகிற் சென்று அமர இடமும், அவனைத் தேடிவர ஒருவரும் வேண்டும்.

நிகழ்ச்சியை அடுத்து நூல் கூறுவது பலர் கண்ணிற் படாதது. அந்தச் செயற்றிட்டம் நடந்த காலத்திலேயே, நிறுவனத்துத் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்னும் பொருளிற் கலாம் தமிழிற் கட்டுரை எழுதினார். அதற்கு முதற்பரிசு. ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவன் கையாற் பெற்றார். வரைபலகையினின்று நிமிர்ந்த மாணவன், தான் கையாற் கற்றதைத் தன் மொழியிற் சொல்லிப் பார்த்தான்.